கரடு என்று நீ சொன்ன மலை

நீ ஒரு மலையை இல்லை என்று சொன்னாய். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு இறங்கிப் போகவில்லை. கல்யாண மண்டபம் நிறைய ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்க, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, நிதானமாக, சிரித்த முகத்தோடு சொன்னாய். நான் கடைசி வரிசையில், மின்விசிறி ஓடாத மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வந்தது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாய், நிவேதா. நீ பயந்த பெண் இல்லை. உன்னை அப்படி வளர்க்கவும் இல்லை. எல்லார் முன்னாலும் நீ பேசியதால் நானும் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வீட்டுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டிய விஷயம் இது என்கிறார் உன் அப்பா. ஊருக்குப் பொதுவான மலையைப் பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு பேச என்ன இருக்கிறது?

தொட்டியத்தில் காவிரிக்கரை வாழைத்தோப்புகளைத் தாண்டி வடக்கே போனால், வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம் வந்துவிடும். அங்கே என் பிறந்த ஊர். அந்த ஊருக்கு மேற்கே படுத்துக்கிடக்கிறது நரிக்கரடு. பெரிய உயரம் கிடையாது. மேலே கோயில் இல்லை, படிக்கட்டு இல்லை, பௌர்ணமிக்கு யாரும் சுற்றி வருவதும் இல்லை. வெள்ளாடு மேயும். மழை பெய்தால் பாறையில் வழிகிற தண்ணீர் ஓடையில் இறங்கி ஏரிக்குப் போகும். மீதி பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடிவாரத்துக் கிணறுகளில் ஊறும். உன் மாமா செல்வராசுவின் கிணறு அவற்றில் ஒன்று. கடலையும் சோளமும், கிணறு கைகொடுக்கிற வருஷத்தில் கொஞ்சம் வாழையும் போட்டு அவன் பிழைப்பது அந்தத் தண்ணீரில்தான். இப்போது நரிக்கரட்டைக் குவாரிக்குக் கேட்கிறது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துக் கொடுக்கிற நிறுவனத்தில் நீ நிலவியலாளர். ஊர்மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காக வைத்த கூட்டத்தில்தான் நீ மேடையில் இருந்தாய். மலை என்று ஒப்புக்கொண்டால் கேள்விகள் கூடும், அனுமதிகள் கூடும். மலை இல்லை என்றால் அது வெறும் கல். அதனால்தான் அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பாடு.

உன் மாமாவுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். வாயை ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினான். ஸ்பீக்கர் அலறியது. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "எங்க கரடுங்க அது. எங்க தாத்தன் பூட்டன் காலத்துலேருந்து எங்க கரடுங்க. அதை உடைச்சா கெணத்துக்கு ஊத்து எங்கேருந்துங்க வரும்?" இதுதான் அவன் பேசியது. மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். நீ எழுந்தாய். "ஐயா சொன்னதையே எடுத்துக்கலாம்" என்று ஆரம்பித்தாய். "ஐயாவே இதைக் கரடுன்னுதான் சொல்றாங்க. மலைன்னு சொல்லலை. சுத்தியிருக்கற தரையிலேருந்து நூறு மீட்டர்கூட உயரம் இல்லை. எங்க அளவுகோல்படியும் சரி, உள்ளூர் வழக்குப்படியும் சரி, இது மலை கிடையாது." மேடையில் இருந்த அதிகாரி தலையை ஆட்டினார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் எழுந்தாள். மாமா வீட்டுக்கு எதிர்வீடு, உனக்கு மாங்காய் அறுத்து உப்புப் போட்டுக் கொடுத்தவள். "ஏம்மா, பெத்தவளோட கூடப்பொறந்தவனை ஐயாங்கற, மலையைக் கரடுங்கற. எதை எதுவா கூப்புடணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?" மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "அப்ப மலைக்கோட்டைக்கும் பேரை மாத்துங்க, அதுவும் நூறு மீட்டர் இல்ல!" என்றான். அதற்கும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனான்.

அன்று சாயங்காலம் போனில் நான் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொன்னேன் என்று நாளைக்குச் சொல்லக் கூடாது. "அம்மா, நான் பொய் சொல்லலை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். கேள்வி உயரத்தைப் பத்தி. மாமாங்கறதுக்காக சயின்ஸை மாத்த முடியாது." பொய் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். என் கோபமே அதுதான். பொய்யை யாராவது ஒருத்தர் கண்டுபிடித்துவிடலாம். நீ செய்தது அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை. உன்னிடம் இரண்டு உண்மைகள் இருந்தன. எது யாருக்கு லாபமோ அதை எடுத்து மைக்கில் வைத்தாய். இன்னொன்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாய்.

அந்த இன்னொன்று என்ன என்று நான் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு இந்திய மலைகளை வகைப்படுத்திச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். மலைகளை எப்படிப் பிரிப்பது என்பது நீ எந்தக் கேள்வி கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது. எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம், தொடர்ந்து போகிறதா, விட்டுவிட்டுப் போகிறதா என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். எப்படிப் பிறந்தது, எந்தக் கல், எவ்வளவு வயது என்று கேட்டால் வேறு பட்டியல் வரும். முதல் பட்டியலில் இமயமலை ராஜா, ஆரவல்லி ஏழை உறவுக்காரன். இரண்டாவதில் இமயமலை நேற்றுப் பிறந்த குழந்தை, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது; ஆரவல்லியோ தேய்ந்து தேய்ந்து எலும்பு மட்டும் மிஞ்சிய பெரிய மனுஷி. இரண்டும் நிலத்தட்டு நெருக்கி மடிந்து எழுந்தவைதான். விந்தியமும் சாத்பூராவும் அப்படி மடியவில்லை. நிலம் உடைந்து, ஒரு துண்டு ஏறி, ஒரு துண்டு இறங்கி நிற்பவை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடற்கரைப் பக்கமிருந்து அண்ணாந்து பார்த்தால் கோட்டைச் சுவர் மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு பீடபூமியின் விளிம்பு, அவ்வளவுதான். கறாராகப் பேசினால் அதைக்கூட மலைத்தொடர் இல்லை என்று வாதாடலாம். யாரும் வாதாடுவதில்லை. அவ்வளவு பெரியதைப் பார்த்து இல்லை என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது. சின்னதைப் பார்த்தால்தான் எல்லாருக்கும் அளவுகோல் ஞாபகம் வருகிறது. மனுஷர்கள் விஷயத்திலும் அதுதான் நடக்கிறது, அதை நீயே பார்த்திருப்பாய்.

உனக்கு ஆறேழு வயதிருக்கும். அந்தப் பள்ளியிலேயே உன்னையும் சேர்த்திருந்தேன். தினமும் காலையில் கே.கே. நகரிலிருந்து என்னோடு பஸ்ஸில் வருவாய். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் மலைக்கோட்டையைத் திரும்பிப் பார்ப்பது உன் வழக்கம். ஒரு நாள், நின்றுகொண்டிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, மலைக்கோட்டை மேற்குத் தொடர்ச்சியா, கிழக்குத் தொடர்ச்சியா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர், "ரெண்டும் இல்ல பாப்பா, சத்திரம் பஸ் ஸ்டாண்டு தொடர்ச்சி" என்றார். பஸ்ஸே சிரித்தது. உனக்குக் கோபம் வந்துவிட்டது. இறங்கும்வரை அவரிடம் மூஞ்சியைக் காட்டவில்லை. கேலி பண்ணினால் கோபம் வரும் குழந்தை நீ. கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும் உனக்கு. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும். அது எந்தப் பாலத்தில் எப்போது இறங்கிப் போனது என்றுதான் தெரியவில்லை.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் நீ கள ஆய்வுக்கு நரிக்கரட்டுக்கே போனாய். நானும் கூட வந்தேன், லீவு நாள். வெயிலில் கல் சுட்டது. சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டி எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, துள்ளிக்கொண்டு என் கையில் வைத்தாய். "பாரும்மா, சார்னோக்கைட். கொல்லிமலையில இருக்கற அதே கல்லு. இது தனிக் குன்று இல்லம்மா, அதே உடம்பு. நடுவுல இருந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு, இது மட்டும் நிக்குது." கிழக்குத் தொடர்ச்சி என்று பேர் வைத்துவிட்டு இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுவிட்டு இருந்தால் அதற்கு எதற்குத் தொடர்ச்சி என்று பேர், என் வகுப்புப் பெண்கள் கேட்கிறார்களே, என்று நான் கேட்டேன். நீ கல்லை மறுபடி வாங்கிக்கொண்டு சொன்னாய்: "கண்ணுக்குத்தான் தொடர்ச்சி இல்லம்மா. கல்லுக்கு இருக்கு." மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் காவிரியும் அறுத்துப் போட்டும் அது ஒரே தொடர் என்பதை இந்த ஒரு வரியால்தான் அப்புறம் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்கிறேன். யார் சொன்னது டீச்சர் என்று கேட்பார்கள். என் பொண்ணு என்பேன். இந்த வருஷம் அந்தப் பாடம் அடுத்த மாதம் வருகிறது.

அந்தக் கல்லின் கதையை உன்னோடு மேடையில் உட்கார்ந்திருந்த குவாரிக் கம்பெனி மேனேஜரும் மறக்கவில்லை. வேலைவாய்ப்பு, ரோடு, பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவர் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், பெருமையாக ஒன்று சொன்னார்: "இது சாதாரணக் கல்லு இல்லைங்க, கொல்லிமலைத் தரம். வெளி மாநிலத்துலகூடக் கேக்கறாங்க." நீ பக்கத்தில் இருந்தாய். கேட்டாய். விற்கும்போது மலைக்கல், வெட்டும்போது மலை இல்லை. உன் இரண்டு பட்டியலையும் அவர்தான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். எந்த மேசையில் எதை விரிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ படித்த படிப்புக்கு அவர் கண்டுபிடித்திருக்கிற உபயோகம் அது.

உள்ளூர் வழக்கு என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் காடு அடர்ந்து மேகம் தங்குவதை மலை என்போம். தினம் ஏறி இறங்கி ஆடு மேய்ப்பதைக் கரடு என்போம். அது அளந்து வைத்த பேர் இல்லை, பழகி வைத்த பேர். சர்டிபிகேட்டில் நீ நிவேதா. உன் அப்பா இன்று வரைக்கும் உன்னைப் பாப்பா என்கிறார். நாளைக்கு ஒருவன் வந்து, "பெத்தவரே பாப்பான்னுதான் சொல்றார், அதனால இந்தப் பொண்ணு மேஜர் இல்லை, கையெழுத்து செல்லாது" என்றால் ஒப்புக்கொள்வாயா? ஒரு மனுஷன் உரிமையோடு கூப்பிட்ட பேரை எடுத்து, அந்த உரிமையையே வெட்டினாய். அவன் 'மலைங்க' என்று சொல்லியிருந்தால் உன்னால் அப்படிப் பேசியிருக்க முடியாது. படித்தவர்கள் மாதிரி அவனுக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அந்த வார்த்தையைப் பிடித்தாய். இந்த நாட்டில் ஏழைகளிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவதற்கு முதலில் அவர்கள் வாயிலிருந்தே ஒரு வார்த்தையைப் பிடுங்குகிறார்கள். அதற்கு உன்னை மாதிரி, அந்த பாஷையும் தெரிந்து இந்த பாஷையும் தெரிந்த பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். நல்ல சம்பளம் கொடுப்பது அதற்குத்தான்.

நான் கல்லே உடைக்கக் கூடாது என்கிற கட்சி இல்லை. நம் கே.கே. நகர் வீட்டு மாடி எந்தக் கரட்டு ஜல்லியில் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும். ரோடு வேண்டும், பாலம் வேண்டும், நீ இன்றைக்கும் ஏறி வருகிற பஸ்ஸுக்கு அடியில் கல் வேண்டும். உடைக்கத்தான் வேண்டும் என்றால், இது மலை, இதை உடைக்கப் போகிறோம், இத்தனை கிணறு போகும், இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்கட்டும். ஜனங்கள் முடியாது என்பார்கள், அல்லது வேறு ஏதாவது கேட்பார்கள். அது ஒரு சண்டை. அதில் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் செய்வது சண்டையே இல்லாமல் செய்வது. இல்லாத மலைக்கு யார் சண்டை போட முடியும்?

உன் அப்பா உன் கட்சி. அரியமங்கலம் லேத் பட்டறையிலிருந்து வந்து, கையில் கிரீஸோடு நின்றுகொண்டு, "பொண்ணு கஷ்டப்பட்டு ஒரு வேலையில உக்காந்திருக்கா. அதைக் கெடுத்துடாத. அவ இல்லைன்னா இன்னொருத்தன் சொல்லிட்டுப் போறான்" என்கிறார். நீயும் போனில் கடைசியில் இதைத்தான் சொன்னாய், நான் இல்லைன்னா இன்னொருத்தன் சொல்லிட்டுப் போறான் என்று. நான் அவரிடம் கேட்டேன்: "அளவு தப்பா இருக்கற ஷாஃப்டைக் கொண்டாந்து, கண்டுக்காம கடைஞ்சு குடுங்கன்னு சொன்னா குடுத்துருவீங்களா? நீங்க இல்லைன்னா அடுத்த பட்டறையில பண்ணிக் குடுக்கப் போறான்." அவர் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். உன்னை வளர்த்ததில் எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து அழுகிற அம்மா நான் இல்லை. நாங்கள் தவறவில்லை. கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தோம், நீயும் கற்றுக்கொண்டாய். யார் பக்கம் நின்று கேட்பது என்பதை ஒவ்வொருத்தரும் அவரவரேதான் முடிவு செய்துகொள்ள வேண்டும். நீ இப்போது அந்த இடத்தில் நிற்கிறாய். அதைவிட்டு ஓடுகிற ஆள் நீ இல்லை என்று நான் இன்னமும் நம்புகிறேன். அதனால்தான் அழுது எழுதாமல் கோபமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமா நம் வீட்டுக்கு வந்தான். தை மாதம் நடக்கப்போகிற உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் தாய்மாமன் சீர் பற்றிப் பேச வர வேண்டும் என்று முறை இருக்கிறதல்லவா, அந்த முறையைத் தவற விடவில்லை. வாழைத்தார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். காபி குடித்தான். பட்டு எந்தக் கடையில் எடுப்பது, மாலைக்கு யார் சொல்லி வைப்பது, வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றெல்லாம் பேசினான். அன்றைய கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "சீரெல்லாம் கொண்டாந்துருவேன் அக்கா. அதுல கொறை இருக்காது. மணவறையில நான் மாலை போடறப்ப புள்ள என்னை என்னன்னு கூப்புடும்? மாமான்னா, ஐயான்னா? தெரிஞ்சா அதுக்குத் தக்க நின்னுக்குவேன்." சிரித்துக்கொண்டேதான் கேட்டான். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டான். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது.

எழுத்து மூலமாகக் கருத்துச் சொல்ல இன்னும் அவகாசம் இருக்கிறது என்று அதிகாரியே அன்று கூட்டம் முடியும்போது சொன்னார். மேடையில் இருந்தவர்கள் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. நீ நரிக்கரட்டைப் பற்றி உனக்குத் தெரிந்த இரண்டு உண்மைகளையும் எழுது. உயரம் இவ்வளவு என்று எழுது. அதை மறைக்கச் சொல்லவில்லை. கல் இன்னது, எந்த மலையின் உடம்பு, வெடிப்பில் தண்ணீர் எப்படி இறங்குகிறது, எந்தக் கிணற்றுக்கு எங்கேயிருந்து ஊற்று வருகிறது என்பதையும் எழுது. நான் இந்த ஊர்ப் பெண்ணின் மகள், பேசியவர் என் தாய்மாமன் என்றும் எழுது. அதை அன்றே மேடையில் சொல்லியிருக்க வேண்டும். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று சுலபமாகச் சொல்ல மாட்டேன். தை மாதத்தில் கல்யாணம், வேலை போனால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். இதையே போனில் எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டாய் என்று நீல டிக் சொல்கிறது. மறுபடி அனுப்பினேன். அதற்கும் டிக் வந்தது. அதற்கப்புறம் நீ அனுப்பியது புடவையின் போட்டோ, மெரூனா பச்சையா என்று. பச்சை நன்றாக இருக்கிறது. அதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன், நிவேதா. இப்போது நான் கேட்டதற்கு நீ சொல். நரிக்கரடு மலையா, இல்லையா? எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை. மலையா என்று கேட்கிறேன். சொல்.